பரோவியாவுக்குப் புதிதாகப் போகிறீர்களா? வாசலில் நிற்பவரை "உள்ளே வாங்க" என்று சொல்லாதீர்கள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, ஆளுக்கொரு பாத்திரமாக நடித்துப் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டில், எங்கள் மேசை முதல் தடவை பரோவியா என்ற நாட்டுக்குப் போனபோது நடந்தது இது. ராத்திரி நேரம். ஓர் ஊர்க்காரர் வீட்டில் தங்கியிருக்கிறோம், கதவு தட்டப்படுகிறது, திறந்தால் கறுப்பு உடையில் ஒரு கனவான், வாசற்படிக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டு, மிக மரியாதையாக, "நான் வரலாமா?" என்று கேட்கிறார். டி.எம். (டன்ஜன் மாஸ்டர், கதையை நடத்துகிறவர்) சொல்லி முடிப்பதற்குள் வீட்டுக்காரராக நடித்துக்கொண்டிருந்த எங்கள் நண்பன் பழக்கதோஷத்தில் "வாங்க வாங்க, உள்ளே வாங்க" என்றுவிட்டான். நம் ஊர் வளர்ப்பு அப்படி, வாசலில் யார் நின்றாலும் வாய் தானாக அதைத்தான் சொல்லும். டி.எம். ஒன்றும் பேசவில்லை, பகடையை மட்டும் எடுத்தார். அன்றைக்கு மூன்று கேரக்டர் ஷீட் (பாத்திரத்தின் விவரத் தாள்) குப்பைக்குப் போனது, அதாவது எங்களில் மூன்று பேரின் பாத்திரங்கள் செத்தன.

அதற்குப் பிறகு இரண்டு தடவை அதே நாட்டுக்குப் போய் வந்துவிட்டேன். புதிதாகச் சேருகிறவர்கள் எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள்: ஊர்க்காரர்கள் சொல்வதை மூடநம்பிக்கை என்று நினைத்துச் சிரித்துவிட்டு, வழக்கமான வீரர்கள் மாதிரி வாளை உருவிக்கொண்டு இறங்குகிறார்கள். பரோவியாவில் கிழவிகள் முணுமுணுப்பதுதான் பாதி விதிப்புத்தகம். எது வெறும் பயம், எது விதி என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பத்தாவது லெவல் வரை உயிரோடு போகலாம். தெரியாவிட்டால் இரண்டாவது லெவலே சந்தேகம்.

தெரியாதவர்களுக்காக: பரோவியா என்பது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில் வரும் ஒரு மலைப் பள்ளத்தாக்கு. சுற்றிலும் மூடுபனி, நடுவில் ஒரு செங்குத்துப் பாறை, அதன் மேல் ரேவன்லாஃப்ட் கோட்டை, கோட்டைக்குள் ஸ்ட்ராட் வான் சரோவிச் என்ற ரத்தக்காட்டேரிப் பிரபு. 1983-இல் ட்ரேசி ஹிக்மன், லாரா ஹிக்மன் தம்பதி எழுதியது இதன் முதல் வடிவம். இன்றைக்குப் பெரும்பாலும் எல்லோரும் ஆடுவது 2016-இல் ஐந்தாம் பதிப்புக்காக வந்த "கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்". முதல் லெவலில் தொடங்கிப் பத்தாவது லெவல் வரை போகும். 2020-இல் சில திருத்தங்களோடு மறுபடியும் வெளியிட்டார்கள். அதில் விஸ்தானிகள் என்ற நாடோடி மக்களைச் சித்திரித்த விதத்தையும் கொஞ்சம் சரி செய்தார்கள். அது நல்லதுதான், பழைய எழுத்தில் அவர்களைக் குடிகாரர்கள், திருடர்கள் என்று ஒரே அச்சில் வார்த்திருந்தது எனக்கும் உறுத்தியது.

கதையின் முடிச்சுகளை நான் இங்கே அவிழ்க்கப் போவதில்லை. ஊர்க்காரர்களுக்கே தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

கிளம்புவதற்கு முன்

முதல் வேலை, பகடையைத் தொடுவதற்கு முன் மேசையில் இருக்கும் எல்லோரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். இந்தக் கதையில் குழந்தைகளுக்குக் கொடுமை நடக்கும், பைத்தியம் பிடித்தவர்கள் வருவார்கள், தன்னை விரும்பாத பெண்ணைத் துரத்தும் ஒருவன்தான் மையமே. யாருக்கு எது தாங்காது என்று முன்னாலேயே சொல்லிவிட்டால் டி.எம். அதை ஒதுக்கிவிடுவார். வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருந்துவிட்டு நடு ஆட்டத்தில் எழுந்து போவதைவிட இது நூறு மடங்கு மேல்.

அடுத்தது கேரக்டர். நீங்கள் வெளியூர்க்காரர், மூடுபனியில் மாட்டிக்கொண்டவர், அவ்வளவுதான். அதனால் பத்துப் பக்கத்துக்குப் பூர்வகதை எழுதி, சொந்த ஊரில் இருக்கும் எதிரியைப் பழிவாங்குவதாகத் திட்டம் போட்டால் அந்த எதிரியை நீங்கள் பார்க்கவே போவதில்லை. அதற்குப் பதில் அந்தக் கேரக்டருக்கு எதன் மேல் பயம், யாரை விட்டுவிட்டு வந்தது என்று இரண்டு வரி எழுதிக்கொடுங்கள், டி.எம். அதை வைத்து உங்களைத் தூங்கவிடாமல் செய்வார். குழுவில் ஒரு கிளெரிக் (தெய்வ சக்தியால் மந்திரம் போடும் பூசாரி) அல்லது பாலடின் (புனிதப் போர்வீரன்) இருந்தே ஆகவேண்டும் என்பது என் கட்சி. இல்லாமலும் ஆடலாம், ஆனால் செத்தவர்கள் எழுந்து நடக்கும் நாட்டுக்குச் சாமி கும்பிடத் தெரிந்த ஒருவர்கூட இல்லாமல் போவது என்ன புத்திசாலித்தனம்?

மூட்டையில் தீப்பந்தம், கயிறு, உலர்ந்த உணவு, இருந்தால் ஒரு புட்டி புனித நீர். வெள்ளி ஆயுதம் கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆயுதத்துக்கு வெள்ளி பூச 2014 விதிப்படி 100 பொற்காசு ஆகும், முதல் லெவலில் யார் கையிலும் அது இருக்காது. இருந்தாலும் மனசில் வையுங்கள், அந்த விதிப்படி ஓநாய் மனிதர்களைச் சாதாரண இரும்பு ஒன்றும் செய்யாது. சாமான் எல்லாவற்றையும் இந்தப் பக்கமே வாங்கிவிட வேண்டும் என்று நான் கத்துவதற்குக் காரணம் இருக்கிறது, கடைக்காரரைப் பார்க்கும்போது சொல்கிறேன்.

உள்ளே நுழைவது, திரும்ப முடியாதது

நுழைவதற்கு நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். காட்டுவழியில் போய்க்கொண்டிருப்பீர்கள், பனி இறங்கும், மரங்கள் நெருங்கும், கொஞ்ச நேரத்தில் பெரிய இரும்புக் கதவுகள் தெரியும். இரு பக்கமும் இரண்டு கற்சிலைகள் காவல் நிற்கும், இரண்டுக்கும் தலை கிடையாது, தலைகள் கீழே புதருக்குள் கிடக்கும். கதவு தானாகத் திறக்கும். நீங்கள் தாண்டியதும் தானாக மூடும்.

இந்த இடத்தில் ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் "நான் திரும்பிப் போகிறேன்" என்பார். போகலாம். பனிக்குள் எவ்வளவு தூரம் நேராக நடந்தாலும் கடைசியில் பரோவியாவுக்குள்ளேயேதான் வந்து நிற்பீர்கள், அதற்குள் மூச்சு முட்டி உடம்பு துவண்டுபோயிருக்கும். விதிப்படி அது சோர்வு நிலை, ஒவ்வொன்றாக ஏறும், ஆறு ஏறினால் மரணம். ஒரு தடவை சோதித்துப் பாருங்கள், இரண்டாவது தடவை வேண்டாம். "பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தான் ஆகவேண்டும்" என்பதை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

கதவைத் தாண்டிய காட்டில் பிணவாடை அடித்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு போய்த் தேடுங்கள். எங்கள் குழு பயந்து தாண்டிப் போய்விட்டது, அதனால் இரண்டு அமர்வு வீணாகச் சுற்றினோம். அங்கே கிடப்பவன் கையில் ஒரு கடிதம் இருக்கிறது.

இன்னொன்று, வெளிச்சம். பரோவியாவில் பகல் உண்டு, வெயில் கிடையாது. இந்த நாட்டைப் பிடித்துவைத்திருக்கும் இருண்ட சக்திகளின் விருப்பத்தால் வானம் எப்போதும் மேகமும் பனியும்தான். விதியிலும் அப்படியே: அந்தப் பகல் வெளிச்சம் பார்க்க உதவும், ஆனால் சூரிய ஒளி என்று கணக்கில் வராது. "பகலாயிற்றே, ரத்தக்காட்டேரி வெளியே வர மாட்டான்" என்று நினைத்துக் கோட்டை பக்கம் உலாத்தப் போகாதீர்கள்.

முதல் கிராமம்

நாட்டின் பெயர்தான் முதல் கிராமத்துக்கும், அதுவும் பரோவியா. தெருவில் ஆள் இருக்காது, ஏதோ ஒரு வீட்டிலிருந்து ஒரு பெண் அழும் சத்தம் மட்டும் கேட்கும். ஓர் இடத்தில் இரண்டு குழந்தைகள், அக்காவும் தம்பியும், தெருவில் நின்றுகொண்டு தங்கள் வீட்டுக்குள் ஒரு பூதம் இருப்பதாகச் சொல்வார்கள். சில டி.எம்.கள் இந்த வீட்டை வைக்க மாட்டார்கள். வைத்தால், முதல் லெவல் ஆட்கள் கும்பலாகச் செத்துப்போகிற இடம் இது என்று தெரிந்துகொண்டு நுழையுங்கள். ஒரு யோசனை மட்டும் சொல்கிறேன்: ஓட வேண்டும் என்று தோன்றினால் ஓடுங்கள், புதையல் மூட்டையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

கடைக்காரர் பெயர் பில்ட்ராத். 25 பொற்காசுக்குக் குறைவான சாமான் எதுவானாலும் அவர் கடையில் பத்து மடங்கு விலை. ஒரு பொற்காசுக் கயிறு பத்துப் பொற்காசு. பேரம் பேசிப் பார்க்கலாம், பயன் இல்லை, வேண்டுமென்றால் கொடு, இல்லையென்றால் நட என்கிற ஆள். கோபம் வந்து கைவைத்தால் உள்ளேயிருந்து அவருடைய மருமகன் வருவான், அவன் உடம்பைப் பார்த்த பிறகு நீங்களே பத்து மடங்கு கொடுத்துவிடுவீர்கள்.

மதுக்கடையில் இஸ்மார்க் என்ற இளைஞன் தனியாக உட்கார்ந்திருப்பான். அவனோடு போய்ப் பேசுங்கள், கதை அவனிடமிருந்துதான் கிளம்புகிறது. அப்பா இந்தக் கிராமத்தின் பர்கோமாஸ்டர், அதாவது ஊர்த்தலைவர். இப்போது இறந்து வீட்டுக்குள் சவப்பெட்டியில் இருக்கிறார், புதைக்கத் துணைக்கு வர ஊரில் ஆள் இல்லை. தங்கை இரீனாவை ஸ்ட்ராட் ஏற்கெனவே இரண்டு தடவை கடித்துவிட்டான். அவளை மேற்கே வல்லாக்கி என்ற ஊருக்குப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இரீனாவைச் சுமையாக நினைக்காதீர்கள், அவளுக்கும் வாள் பிடிக்கத் தெரியும். எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த மனிதரைத் தேவாலயத்துக்கு எடுத்துப்போய் அடக்கம் செய்துவிடுங்கள். ஆட்டத்தில் இதற்குப் பெரிய பரிசு ஒன்றும் கிடையாது. நாங்கள் நான்கு பேர் ஆளுக்கொரு மூலையாகப் பிடித்து, சேறு நிறைந்த தெருவில், ஜன்னல் இடுக்குகளிலிருந்து ஊரே பார்த்துக்கொண்டிருக்கப் பெட்டியைத் தூக்கிப்போன அந்த அரை மணி நேரம்தான் மூன்று ஆட்டத்திலும் எனக்கு அதிகம் ஞாபகம் இருப்பது. தேவாலயத்தின் தரைக்கடியிலிருந்து யாரோ பசியில் கத்தும் சத்தம் கேட்கும். அது பாதிரியார் விஷயம். மெதுவாகக் கேளுங்கள்.

ராத்திரி தங்கினால், நள்ளிரவில் கல்லறைத் தோட்டத்திலிருந்து ஆவிகள் வரிசையாகக் கிளம்பிக் கோட்டையை நோக்கி நடப்பதைப் பார்க்கலாம். உங்களுக்கு முன்னால் வந்து ஸ்ட்ராடைக் கொல்லப் போய்ச் செத்தவர்கள். ஒன்றும் செய்ய மாட்டார்கள், நின்று பாருங்கள். அவர்கள் கவசத்தையும் ஆயுதத்தையும் பார்த்தால் எல்லோரும் உங்களைப் போன்ற வெளியூர்க்காரர்கள் என்று தெரியும்.

எது பயம், எது விதி

ஊர்க்காரர்கள் சொல்லும் சாங்கியங்களை நான் ஒரு நோட்டில் இரண்டு பத்தியாக எழுதி வைத்தேன். கண்டிப்பாகக் கேட்க வேண்டியவை முதலில்.

அண்டங்காக்கையை அடிக்காதே, அடித்தால் கேடு வரும் என்பார்கள். கேளுங்கள். கல்லெறிந்து விரட்டக்கூட வேண்டாம். காரணம் பின்னால் தானாகத் தெரியவரும், தெரியும்போது நீங்கள் கல்லெறியாமல் விட்டதற்கு எனக்கு நன்றி சொல்வீர்கள். அப்புறம் ஓநாய்களும் வௌவால்களும் ஸ்ட்ராடின் வேலையாட்கள் என்பார்கள். அதுவும் உண்மை, அவன் கூப்பிட்டால் வரும். உங்கள் கூடாரத்துக்கு மேல் ஒரு வௌவால் நாலு நாளாகச் சுற்றிக்கொண்டிருந்தால் நீங்கள் போட்ட திட்டம் எல்லாம் அவனுக்குப் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இருட்டியபின் கதவைத் திறக்காதே, திறந்தாலும் வரவேற்காதே என்பது மூன்றாவது. ரத்தக்காட்டேரியால் குடியிருக்கிறவர்கள் அழைக்காமல் ஒரு வீட்டுக்குள் கால் வைக்க முடியாது, இது பயமுறுத்தல் இல்லை, அச்சிட்ட விதி. நாங்கள் பட்டதை முதலிலேயே சொல்லிவிட்டேன். இப்போது எங்கள் மேசையில் கதவு தட்டினால் "என்ன வேணும்?" என்று மட்டும் கேட்கிறோம், பீட்சா கொண்டுவந்த பையனிடம்கூட ஒருவன் அப்படித்தான் கேட்டான்.

பாதி உண்மை, பாதி பொய்யானது விஸ்தானிகளைப் பற்றிய பேச்சு. அவர்கள் எல்லோரும் சாத்தானின் ஆட்கள் என்று ஊர்க்காரர்கள் துப்புவார்கள். பனியைத் தாண்டிப் போய்வர அவர்களால் மட்டும் முடிகிறது என்ற பொறாமை அதில் நிறைய இருக்கிறது. சிலர் ஸ்ட்ராடுக்காக உளவு பார்க்கிறார்கள் என்பதும் மெய். ஆளாளுக்குப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அப்புறம் ஒன்று, இது சாங்கியம் இல்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். ஊர்க்காரர்களில் பலர் சிரிக்க மாட்டார்கள், அழ மாட்டார்கள், பிள்ளை காணாமல் போனாலும் கண் வெறுமையாக இருக்கும். டி.எம். நன்றாக நடிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். இந்த நாட்டில் செத்தவர்களின் ஆன்மாகூட பனியைத் தாண்டிப் போக முடியாது, திரும்பத் திரும்ப இங்கேயே பிறக்கிறது. ஆனால் பிறக்கிற உடம்புகள் எண்ணிக்கையில் அதிகம். அதனால் பத்தில் ஏறக்குறைய ஒருவருக்குத்தான் ஆன்மா உண்டு. மற்றவர்கள் வெறும் கூடு. நிறமில்லாத உடை, ஏனோதானோ என்று பேச்சு. கொஞ்சம் பளிச்சென்று உடுத்தி, கோபப்பட்டு, அழுது, வம்பு பேசுகிற ஒருவரைப் பார்த்தால் அவரை விடாதீர்கள்.

வழியில்

வல்லாக்கிக்குப் போகும் ஸ்வாலிச் சாலையில் பகலில் மட்டும் நடங்கள், பாதையை விட்டு இறங்காதீர்கள். வழியில் சாலை பிரியும் இடத்தில் ஒரு தூக்குமரம் இருக்கிறது. அதில் தொங்குவது யார் என்று உற்றுப் பார்த்தால் உங்களில் ஒருவர் முகம் போல இருக்கும். பதற வேண்டாம், நடையைக் கட்டுங்கள். ஆளில்லாத கறுப்புக் கோச்சு வண்டி, கறுப்புக் குதிரைகள் பூட்டி, கதவு திறந்தபடி உங்களுக்காக நின்றுகொண்டிருந்தால் ஏறாதீர்கள். கால் வலிக்கிறது என்று ஏறிய குழுக்களும் உண்டு. அது எங்கே போகும் என்று சொல்லவா வேண்டும்.

ட்செர் குளக்கரையில் விஸ்தானிகளின் கூடாரங்கள் இருக்கின்றன, அங்கே மேடம் ஈவா என்ற கிழவி சீட்டுப் பார்த்துக் குறி சொல்வாள். இந்த இடத்தைத் தவறவிட்டால் மீதி ஆட்டம் இருட்டில் துழாவுவதுதான். டரோக்கா என்ற 54 சீட்டுக் கட்டு, அதிலிருந்து ஐந்து சீட்டு. ஸ்ட்ராடின் பழைய நாட்குறிப்பு, ஒரு புனிதச் சின்னம், ஒரு வாள், உங்களுக்குத் துணை வரக்கூடிய ஆள், கடைசியில் கோட்டைக்குள் அவனைச் சந்திக்கிற இடம், இந்த ஐந்தையும் சீட்டுதான் தீர்மானிக்கிறது. ஒவ்வோர் ஆட்டத்திலும் இடம் மாறும், அதனால்தான் ஏற்கெனவே ஆடியவரைக் கேட்டுப் பயன் இல்லை. கிழவி சொல்வதைச் சொல் மாறாமல் எழுதிக்கொள்ளுங்கள். சுருக்கமாக "மலையில் வாள்" என்று எழுதினீர்கள் என்றால் தொலைந்தீர்கள், நான் எழுதி ஆறு வாரம் தவறான மலையில் ஏறினேன்.

வீடு வீடாகத் தள்ளுவண்டியில் பலகாரம் விற்கும் ஒரு பாட்டி, வழியில் தெரியும் பழைய காற்றாலை, இரண்டையும் பற்றி ஒரே வார்த்தை: சாப்பிடாதீர்கள். எவ்வளவு வாசம் வந்தாலும்.

வல்லாக்கி

இனி ஊருக்கு வருவோம், எனக்குப் பிடித்த ஊர் இது. மரக்கழிகளை நெருக்கமாக நட்டு எழுப்பிய மதில், வெளியே ஈட்டிமுனைகளில் வெட்டிய ஓநாய்த் தலைகள், மூன்று வாசல். கிழக்கே காலை வாசல், மேற்கே அஸ்தமன வாசல், வடக்கே ஏரிக்குப் போகும் சரோவிச் வாசல். இருட்டினால் மூடிவிடுவார்கள், ஆகையால் மாலைக்குள் போய்ச் சேருங்கள். காவல்காரர்கள் யார், எதற்கு வந்தீர்கள் என்று கேட்பார்கள். சுருக்கமாகப் பதில் சொல்லுங்கள், சிரித்த முகமாகச் சொல்லுங்கள். அந்தச் சிரித்த முகம் ஏன் என்பதில்தான் இந்த ஊரின் கதையே இருக்கிறது.

ஊர்த்தலைவர் பாரன் வர்காஸ் வல்லாக்கோவிச்சுக்கு ஒரு கொள்கை: ஊரில் உள்ள ஒவ்வொருவரும் சந்தோஷமாக இருந்துவிட்டால் ஸ்ட்ராடின் பிடி விட்டுவிடும். அதனால் ஒரு திருவிழா முடிந்ததும் அடுத்தது. வருகை கட்டாயம், பிள்ளைகளைக் கூட்டிவருவதும் கட்டாயம். "எல்லாம் நல்லதாக நடக்கும்" என்பது ஊரின் தாரக மந்திரம், சுவரொட்டியின் கடைசியிலும் அதுதான் இருக்கும், வாயிலும் அதுதான் வர வேண்டும். விழாவைப் பற்றி முகம் சுளித்தவர்களை நடு மைதானத்தில் மரச்சட்டங்களில் பூட்டி, தலையில் சுண்ணச்சாந்தில் செய்த கழுதைத் தலையை மாட்டிவிடுவார்கள், ஆண், பெண், குழந்தை என்று பேதம் இல்லை. நீங்கள் போகும் நேரத்தில் அநேகமாக ஓநாய்த் தலை விழா முடிந்து, கொழுந்துவிட்டெரியும் சூரியன் விழாவுக்கான சுவரொட்டிகள் ஒட்டிக்கொண்டிருப்பார்கள். வெயிலே வராத ஊரில் மழைக்காலத்தில் சூரிய விழா. இதில் சிரிப்பு வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள், விழா அன்று சிரித்தால் என்ன ஆகும் என்பதை அங்கேயே பார்ப்பீர்கள்.

பரோவியாவின் மூடநம்பிக்கைகளில் எனக்குப் பொய் என்று நிச்சயமாகத் தெரிந்தது இந்த ஒன்றுதான், சிரித்தால் சாபம் போகும் என்பது. கிழவிகள் சொன்னது எல்லாம் ஏறக்குறைய பலித்தது, ஊரை ஆள்கிறவர் சட்டமாகப் போட்டது மட்டும் பலிக்கவில்லை. இருந்தாலும் அந்த மனிதரை வெறும் முட்டாளாக நடித்துக்காட்டும் டி.எம்.களை எனக்குப் பிடிக்காது. அவரும் பயந்துபோனவர்தான்.

தங்குவதற்கு நீலத்தண்ணீர் விடுதி. உர்வின், டானிகா மார்ட்டிகோவ் தம்பதி நடத்துகிறார்கள், சூடான பீட்ரூட் சூப், ரொட்டி, துணிவிருந்தால் ஓநாய்க்கறி. கூரையில் அண்டங்காக்கைகள் உட்கார்ந்திருக்கும். வம்பு கேட்க ஊரிலேயே சிறந்த இடம், வந்த அன்றே யாரோடும் சண்டை போடாமல் ஒரு மாலை முழுக்க அங்கே உட்கார்ந்து காதைத் திறந்து வைத்தால் மூன்று வாரத்துக்கு வேலை கிடைக்கும். இரீனாவுக்கு அடைக்கலம் கேட்க புனித ஆண்ட்ரல் தேவாலயம், பாதிரியார் லூசியன். அவர் பேச்சில் ஏதோ ஒன்றை மறைப்பது தெரியும். அதை உடனே கேட்டுத் தீர்த்துவிடுங்கள், தள்ளிப்போட்டால் ஊரே விலை கொடுக்கும், இதற்கு மேல் சொல்ல மாட்டேன். பாரனின் அடியாள் இஸெக், ஒரு கை மனிதக் கை இல்லை, அவன் கண்ணில் இரீனா படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பிளின்ஸ்கியின் பொம்மைக் கடை. கதைக்கு இது அவசியமே இல்லை, ஆனால் போகாமல் வராதீர்கள். குள்ளமாக, பருமனாக, கோமாளித் தொப்பி வைத்த மனிதர், தோளில் பிக்கோலோ என்ற குரங்கு. எந்தப் பொம்மையும் 9 செப்புக்காசு. தூக்குமரமும் தொங்கும் ஆளும், தலை இல்லாத பொம்மைக்கு மாற்றி மாற்றி மாட்ட ஒரு பை நிறையத் தலைகள், ஓநாய்கள் குழந்தைகளைத் துரத்தும் ராட்டினம், ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் மரப்பொம்மைகளில் உள்ளே போகப் போக வயசு ஏறி, கடைசியில் காய்ந்துபோன ஒரு பிணம். அவருக்கு இது எதுவும் பயங்கரமாகத் தெரியவில்லை. குழந்தைகள் சிரிக்க வேண்டும் என்று உண்மையாகவே உழைக்கிறார், ஏன் யாரும் வாங்குவதில்லை என்று அவருக்குப் புரியவே இல்லை. கட்டாயமாகச் சிரிக்கும் ஊரில் உண்மையாகச் சிரிக்கவைக்க நினைக்கும் ஒரே ஆள் அவர். நாங்கள் அந்த ராட்டினத்தை வாங்கினோம். அலமாரியில் இருக்கும் ஒரு பொம்மையின் முகம் உங்களோடு வந்திருக்கும் ஒருவரை ஞாபகப்படுத்தினால், அதை யார் செய்யச் சொன்னது என்று மட்டும் கேளுங்கள்.

டி.எம். ஆகப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வல்லாக்கியில் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் கட்டவிழ்க்காதீர்கள். விழா, தேவாலயத்துப் பிரச்சினை, பாரனுக்கு எதிராகச் சதி செய்யும் வாக்டர் சீமாட்டி, விடுதியில் தங்கியிருக்கும் சர்க்கஸ்காரன் என்று ஏழெட்டு நூல் இருக்கிறது. புது ஆட்களுக்கு இரண்டு நூல் கொடுங்கள் போதும். எங்கள் இரண்டாவது ஆட்டம் எல்லாம் ஒன்றாகச் சிக்கி, பாதியில் நின்றுபோனது இந்த ஊரில்தான்.

அவன் வரும்போது

கோட்டைக்குப் போகும் முன்பே ஸ்ட்ராட் உங்களைப் பார்க்க வருவான். பரோவியக் கணக்கில் 351-ஆம் ஆண்டு, தம்பி செர்கெய்யின் கல்யாண நாளில் தம்பியையே கொன்று, மணப்பெண் தாத்யானா கோட்டைச் சுவரிலிருந்து குதிக்கக் காரணமானவன். கதை நடப்பது 735-இல். கிட்டத்தட்ட நானூறு வருஷமாக அவனுக்கு அலுப்பு, அதனால் புதிய ஆட்களைக் கிள்ளிப் பார்ப்பான். முதல் சந்திப்பில் கொல்ல வருவதில்லை, எடைபோட வருகிறான். அவனுடைய சவால் மதிப்பு (எதிரி எவ்வளவு கடினம் என்ற கணக்கு) 15, நீங்கள் மூன்றாவது நான்காவது லெவல். வாளை எடுக்காதீர்கள், முகத்துக்கு நேரே பயப்படவும் வேண்டாம். மரியாதையாகப் பேசுங்கள், சொந்த விஷயம் எதுவும் சொல்லாதீர்கள், இரீனாவைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுங்கள். கோட்டைக்கு விருந்துக்கு அழைத்துக் கடிதம் வரும். போவதா வேண்டாமா என்று உங்கள் மேசை ஒரு மணி நேரம் சண்டை போடும், போடட்டும்.

வல்லாக்கியை விட்டுக் கிளம்பும்போது அஸ்தமன வாசல் வழியாக, காலையிலேயே. அடுத்த ஊர் கிரெஸ்க், சுவரும் கதவும் உள்ள ஊர், வெளியாட்களை உள்ளே விட மாட்டார்கள். ஒயின் கொண்டுவந்தால் விடுவார்கள். கிளம்பும் முன் விடுதியில் போய் ஒரு பீப்பாய் கேட்டுப் பாருங்கள், டானிகா உதட்டைப் பிதுக்குவாள், அவர்களுக்கே சரக்கு வந்து நாளாகிறது. திராட்சைத் தோட்டத்துக்கு யாராவது போய் என்ன ஆயிற்று என்று பார்த்து வந்தால் தேவலாம் என்பாள்.